அம்மா கண்ட கடல்



பயணக் கட்டுரை என்றதும் ஹஜ்ஜுப் பயணத்தையோ, துபாய், சிங்கப்பூர் பயணங்களையோ நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லப் போவது ஒரே ஒரு பகல் பொழுதின் கதை. இரவில் புறப்பட்டுப் பகலெல்லாம் சென்னையில் கழித்து, மறுநாள் விடியுமுன் திரும்பி விட்டோம். ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக என் தாயாரின் மனம் எழுபது ஆண்டு காலம் சுமந்திருந்த ஒரு பாரத்தை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. எனவேதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர். 1995ஆம் ஆண்டிலிருந்து மாவட்டத் தலைநகராக இருக்கும் ஊர்தான். ஆனால் இன்றுவரை இரயில் நிலையம் கிடையாது. இரயில் ஏற வேண்டுமென்றால் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் பேருந்தில் சென்று அரியலூரை அடைய வேண்டும். விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைக்கும் பாதையில் அமைந்த நிலையம் அது. என் தாயார் பிறந்து வளர்ந்த ஊரும் அரியலூர்தான். இரயிலின் ஊதல் ஒலியைக் கேட்டு வளர்ந்த அவர்கள், தம் எழுபத்தைந்து வயதுவரை ஒரு முறைகூட இரயிலில் ஏறியதில்லை. கடலையும் பார்த்ததில்லை.

மருதையாற்றின் அச்சம்

ஏன் ஏறவில்லை? அதற்கு 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளுக்குச் செல்ல வேண்டும். அன்று அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும், மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. கடும் மழையில் பெருகிய வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துச் சென்றிருந்தது. இருளில் அது ஓட்டுநருக்குத் தெரியவில்லை. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டில் மெஹபூப்நகரில் நேர்ந்த விபத்துக்காக அவர் கொடுத்த விலகல் கடிதத்தைப் பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக் கொண்டார். சாஸ்திரியின் பதவி விலகலைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர் உண்டு. அந்த ஆற்றங்கரைக்குச் சென்றவர்களின் வீடுகளில் என்ன நடந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என் தாயாரின் தந்தை அரியலூர்க் கடைவீதியில் சிறு வணிகம் செய்தவர். அன்று காலை ஊராரோடு அவரும் ஆற்றுக்கு ஓடினார். இரவு வீடு திரும்பியவர் இரண்டு நாள் உண்ணவில்லை. என்ன பார்த்தார் என்று எவரிடமும் சொல்லவுமில்லை. மூன்றாம் நாள் ஒன்று மட்டும் சொன்னாராம்: "இனி இந்த வீட்டில் யாரும் இரயில் ஏறக் கூடாது." அப்போது அம்மாவுக்கு ஆறு வயது. தந்தை மறைந்து பல்லாண்டு ஆன பின்னும் அந்தச் சொல் அவர்களிடம் மறையவில்லை. வாழ்க்கைப்பட்ட பெரம்பலூருக்கோ இரயிலே இல்லை. ஆகவே அந்த அச்சத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் வரவில்லை.

பாதி உண்மை

ஆசை இல்லாமல் இல்லை. உம்ராவுக்குச் சென்று வந்த உறவுக்காரப் பெண்மணி ஜித்தாக் கடற்கரையைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து, "கடல் எப்படி இருக்கும்?" என்று அம்மா அடிக்கடி கேட்கத் தொடங்கினார்கள். கடந்த ஆண்டு அவர்களின் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. மருத்துவர் மறு கண்ணைப் பற்றியும் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நானும் என் மனைவியும் பேசி முடிவெடுத்தோம். கண் இருக்கும்போதே கடலைக் காட்டிவிட வேண்டும்.

பேருந்தில் அத்தனை தூரம் அவர்களால் உட்கார்ந்து வர இயலாது. இரயில் ஒன்றே வழி. எனக்கு ஓர் உபாயம் தோன்றியது. மருதையாற்றுப் பாலம் அரியலூருக்குத் தெற்கே, கல்லகம் செல்லும் திசையில் இருக்கிறது. சென்னை வண்டியோ வடக்கே செல்வது. "அம்மா, சென்னைக்குப் போகும் வழியில் அந்த ஆறு வரவே வராது" என்றேன். அவர்கள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு, "அல்லாஹ் நாடினால் போவோம்" என்றார்கள்.

மதரஸாவில் எனக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறை. ஆகவே வியாழன் இரவு மலைக்கோட்டை விரைவு வண்டியில் ஏறி, வெள்ளியன்று சென்னையில் ஜும்ஆ தொழுது, அன்றிரவே அதே பெயர் வண்டியில் திரும்புவதென்று ஏற்பாடு. என் மனைவி புளிச்சோறும், பொடி தடவிய இட்லியும் கட்டிக் கொண்டார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தன் கைப்பையில் ஒரு கல்லைச் சுருட்டி வைத்துக் கொண்டாள். அது என்ன கல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தது. பயண துஆ ஓதி அமர்ந்தவர்கள் படுக்கவேயில்லை. கையில் தஸ்பீஹ் உருண்டு கொண்டிருந்தது. செந்துறை கடந்து பெண்ணாடம் நெருங்கும்போது சக்கரங்களின் ஒலி திடீரென்று மாறியது. அடியில் வெற்றிடம் இருப்பதைச் சொல்லும் அந்த ஒலியை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

"இது என்ன ஆறு?" என்றார்கள்.

"வெள்ளாறு, அம்மா."

விழுப்புரத்துக்குமுன் தென்பெண்ணை. செங்கல்பட்டுக்குமுன் பாலாறு. ஒவ்வொரு முறையும் அம்மா விழித்திருந்து பெயர் கேட்டார்கள். மருதையாறு வராது என்று சொன்ன நான், வேறு ஆறுகள் வரும் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். பொய் சொல்லக் கூடாதென்று பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் நடத்துபவன் நான். பாதி உண்மையும் ஏமாற்றுதான் என்பது பாலாற்றுப் பாலத்தின் மேல் எனக்கு நன்றாகவே உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். அம்மா இலேசாகச் சிரித்தார்கள். "அந்த ஆறு வராதுன்னு சொன்னே, வரலே. மத்த ஆத்தையெல்லாம் நான்தானே கேக்காம விட்டேன்" என்றார்கள்.

மழைக்காலத்தில் இருப்புப் பாதை நெடுக, இரவில் விளக்கோடு நடந்து கண்காணிக்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதை அப்போது அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். "அந்தப் பிள்ளைங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்" என்று துஆச் செய்தார்கள். நாம் உறங்கும்போது நமக்காக நடப்பவர்களுக்கு நாம் எத்தனை முறை துஆச் செய்திருக்கிறோம், வாசகர்களே?

எழும்பூரில் விடியல்

சுப்ஹுக்கு முன்பே எழும்பூரில் இறங்கினோம். 1908இல் திறக்கப்பட்ட நிலையம் அது. பள்ளிவாசல்களிலும் அரண்மனைகளிலும் நாம் காணும் குவிமாடங்களும் வளைவுகளும் அதன் முகப்பில் உண்டு. அம்மா அண்ணாந்து பார்த்து, "தர்கா மாதிரி இருக்குதே!" என்றார்கள்.

பயணத்தில் ஆண்களுக்கு எங்கும் தொழ இடம் கிடைத்துவிடுகிறது. பெண்களுடன் செல்பவர்களுக்கே அதன் அருமை தெரியும். காத்திருப்புக் கூடத்தின் ஒரு மூலையில் என் மனைவி விரிப்பை விரித்தார். அருகில் நெற்றியில் திருநீறு அணிந்த மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். நாங்கள் சொல்லாமலேயே எழுந்து தம் மூட்டையை நகர்த்தி வைத்தார். "நீங்க கும்பிடுங்கம்மா, சாமானை நான் பாத்துக்கிறேன்" என்றார். தொழுகை முடிந்ததும் அம்மா அவருக்கு இட்லிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்கள். இருவரும் முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசிக் கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நம் ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்கள் சிலவற்றில் பயணம் செய்யும் பெண்களுக்கெனத் தனி அறையும் உளூச் செய்ய வசதியும் உண்டு. பலவற்றில் இல்லை. ஓர் அறை, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு திரை. இவ்வளவு போதும். பயணத்தில் நம் வீட்டுப் பெண்களின் எத்தனை வக்துகள் தவறாமல் காக்கப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

பூட்டிய கதவு

முதலில் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் எழும்பூர் நிலையத்துக்கு அருகிலேயே பாந்தியன் சாலையில் இருக்கிறது. என் மகளுக்காகவே அதைத் திட்டத்தில் சேர்த்திருந்தேன். அவள் பையிலிருந்த கல், காரை அருகே ஓடைப் படுகையில் அவளே பொறுக்கியது. சிப்பியின் வடிவம், வரிகள்கூட அழியவில்லை. ஆனால் முழுவதும் கல்.

எங்கள் பெரம்பலூர், அரியலூர் மண்ணின் செல்வம் அது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பரப்பு கடலடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும், சுருள் ஓட்டு உயிர்களும், கடல் முள்ளெலிகளும் படிந்து படிந்து பாறையாகிவிட்டன. இன்று சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான். கல்லங்குறிச்சியில் சிப்பிகளே பாறையாக நிற்கின்றன. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940இல் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்குமாறு திருமறை நம்மைத் தூண்டுகிறது. எங்களுக்கு அதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஓடையில் குனிந்தால் போதும்.

தன் கல்லுக்குப் பெயர் என்னவென்று அருங்காட்சியகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. வாயிலில் காவலர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை லீவு."

எனக்கு விடுமுறை நாளாகிய வெள்ளியே அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை நாள் என்பதை நான் விசாரிக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. கல்லைத் துணியில் சுற்றி மீண்டும் பைக்குள் வைத்துக் கொண்டாள். அவள் கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். சென்னைக்கு வரும் வாசகர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மூன்று சொற்களில் ஓர் ஆண்டு

திருவல்லிக்கேணியில் என் மனைவியின் சிற்றன்னை வீடு இருக்கிறது. பெண்கள் அங்கே தங்கினர். நானும் மகனும் வாலாஜா பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குச் சென்றோம். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை. ஆயினும் அந்தப் பள்ளியில் ஒரு ஜும்ஆ என்பது என் மாணவப் பருவக் கனவு.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய இப்பள்ளி 1795இல் கட்டப்பட்டது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பியது. முன்னே பரந்த திடல். அதே ஆண்டில் மறைந்த நவாப் அடங்கியிருப்பதோ எங்கள் திருச்சியில்.

பள்ளியை ஒட்டி இருவரின் அடக்கத்தலங்கள். ஒருவர் 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்த கண்ணியமிக்க காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப். அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழே அதற்குத் தகுதியுடையது என்று வாதாடியவர். மற்றவர் 'பஹ்ருல் உலூம்' மௌலானா அப்துல் அலீ. இலக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்து அறிஞர். நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, பாடம் நடத்தி, 1810இல் இங்கேயே மறைந்தார். மார்க்கச் சட்ட மூலக் கலையில் 'முஸல்லமுத் துபூத்' நூலுக்கு அவர் எழுதிய விரிவுரையான 'ஃபவாத்திஹுர் ரஹமூத்' இன்றும் அறிஞர்கள் கையில் இருக்கிறது. என்னைப் போன்ற ஒரு சிற்றூர் உஸ்தாது அங்கே நின்று ஸலாம் சொல்லும்போது, வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்த மாணவனைப் போல் உணர்ந்தேன்.

பள்ளியின் கல்லில் பொறிக்கப்பட்ட ஆண்டுக் குறிப்பு ஒன்றுண்டு. அதை யாத்தவர் நவாபின் அவையில் இருந்த ராஜா மக்கன் லால் 'கிரத்' என்னும் இந்துப் பெருமகனார். இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரியது என்று பொருள்படும் 'திக்ர்', 'அல்லாஹ்', 'அக்பர்' என்னும் மூன்று சொற்களின் எழுத்தெண்களைக் கூட்டினால் கட்டிய ஹிஜ்ரி ஆண்டு வரும். பகல் உணவின்போது மகளிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது. ஒரு தாளை எடுத்தாள். தால் 700, காஃப் 20, ரா 200. திக்ர் என்பது 920. அலிஃப் 1, இரு லாம்கள் 60, ஹா 5. அல்லாஹ் என்பது 66. அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200. அக்பர் என்பது 223. மொத்தம் 1209. கி.பி. 1794-95.

"கணக்கு சரியா இருக்கு அத்தா!" என்றாள்.

இன்னொன்றும் சொன்னேன். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த இந்துப் பெரியவர் ஒருவர் தொடங்கிய சூஃபிதார் அமைப்பினர், ரமலானில் இப்பள்ளியின் நோன்பாளிகளுக்குப் பல்லாண்டுகளாக இஃப்தார் உணவு பரிமாறி வந்திருக்கிறார்கள். அம்மா, காலையில் மூட்டையை நகர்த்திய மூதாட்டியை நினைத்துக் கொண்டார்கள். "நம்ம சாமானை ஒருத்தர் பாத்துக்கிறதும், அவங்க பசியை நாம பாத்துக்கிறதும்தானே ஊர்" என்றார்கள்.

அஸருக்குப் பின்

மாலை மெரினா. அம்மாவின் ஒரு கையை நானும் மறு கையை மகளும் பிடித்துக் கொண்டோம். மணலில் நடப்பது அவர்களுக்குக் கடினம். நான்கு முறை நின்றோம். எதிரே கடைகளும் குடைகளும் மறைத்திருந்தன. அவற்றைத் தாண்டியதும் கடல் முழுவதுமாகத் தெரிந்தது.

அம்மா நின்றார்கள். ஒன்றும் பேசவில்லை. மங்கிய கண்ணை ஒரு கையால் மூடிக் கொண்டு, நல்ல கண்ணால் இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாகப் பார்த்தார்கள். "சுப்ஹானல்லாஹ்" என்பது மட்டும் கேட்டது. சற்றுக் கழித்து, "இதுக்கு அந்தக் கரை இல்லியா?" என்றார்கள். வாழ்நாளெல்லாம் ஆற்றுக்கு அஞ்சியவர்கள், கரையில்லாத நீரின் முன்னே அச்சமின்றி நின்றார்கள்.

அஸரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கி மணலிலேயே தொழுதோம். எண்பது கிலோமீட்டர் அளவையும் தாண்டிய பயணம் என்பதால் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கிக் கொள்ளும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபிகளாகிய நாங்கள் அந்தந்த வக்தில் சுருக்கித் தொழுதோம்.

தொழுதுவிட்டுத் திரும்பியபோது அம்மாவின் பாதத்தருகே அலை ஒரு சிப்பியை விட்டுச் சென்றது. மகள் அதை எடுத்தாள். பிறகு பையைத் திறந்து, துணியைப் பிரித்து, தன் கல்லை வெளியே எடுத்தாள். இரண்டையும் தாதிமாவின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வரிகள் அப்படியே ஒத்திருந்தன என்று சொல்ல மாட்டேன். சிறிது வேறுபாடு இருந்தது. ஆனால் உறவு என்பது தெரிந்தது.

"தாதிமா, இது நம்ம ஊருக் கடலோடது. நம்ம வீடு இருக்கிற இடத்திலயும் ஒரு காலத்தில இப்படித்தான் அலை அடிச்சுது."

அம்மா இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்கள். "அப்போ நான் கடல்லதான் பொறந்தேனா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையைப் போல் சிரித்தார்கள். அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவை என் மகள் அந்தக் கணத்தில் மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மஃரிப் நெருங்கும்வரை அங்கேயே இருந்தோம். மகன் அலையில் கால் நனைத்து இரண்டு முறை விழுந்தான். வேறொன்றும் பார்க்கவில்லை, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில்

அன்றிரவு வண்டி புறப்பட்ட சிறிது நேரத்திலேயே அம்மா உறங்கிவிட்டார்கள். பாலாற்றில் விழிக்கவில்லை, பெண்ணையாற்றில் விழிக்கவில்லை. வெள்ளாறும் கடந்தது. விழித்திருந்தவன் நான்தான். ஒவ்வொரு பாலத்திலும் ஒலி மாறும்போது, 1956இல் உறங்கியபடியே இந்தப் பாதையில் சென்ற அந்த மக்களை நினைத்துக் கொண்டேன்.

விடியுமுன் அரியலூரில் இறங்கினோம். நடைமேடையில் குளிர். நாங்கள் வந்த வண்டி தெற்கு நோக்கி நகர்ந்தது. அதன் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறையும்வரை அம்மா பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

"இது இப்போ அந்தப் பாலத்து வழியாத்தானே போகுது?"

"ஆமாம், அம்மா."

"அடுத்த தடவை திருச்சிக்குப் போவோம். இரயில்லயே போவோம். எங்க அத்தா அந்த ஆத்தங்கரையில என்ன பாத்தாருன்னு யார்கிட்டயும் சொல்லலே. கடந்து போறப்ப அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதணும். அன்னிக்குப் போன எல்லாருக்காகவும் அழுதுக்கிறேன்."

அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டு முதியவர்களிடமும் இப்படி ஏதேனும் ஒரு கடல் பாக்கியிருக்கலாம்; ஏதேனும் ஓர் ஆறு குறுக்கே நிற்கலாம். கேட்டுப் பாருங்கள். கண் இருக்கும்போதே அழைத்துச் செல்லுங்கள். புறப்படுமுன், வழியிலுள்ள எல்லா ஆறுகளின் பெயர்களையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பயணம் செய்வோர் அனைவரையும் வல்ல இறைவன் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.